பாப்பம்மா சொல்லித் தராத வேலை

பாப்பம்மா முதன்முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது வேலை தேடி அல்ல, சோற்றுக்காக. அது 1974ஆம் ஆண்டு. கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டு, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்று கொண்டிருந்த காலம். அந்த வருஷம் சித்திரையில் அவளுடைய கணவன் முத்துவீரன் வயிற்றோட்டத்தில் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் தங்கை கிருஷ்ணம்மா. அவளும் கைகால் வீங்கிப் படுத்துவிட, பாப்பம்மா அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து பெண்கள் வார்டில் சேர்த்தாள்.

நான் அங்கே கிளார்க்காக இருந்தேன். பெயர் யஹ்யா. உக்குவளையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவேன். இலங்கையில், மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய குறையைச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

கிருஷ்ணம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு பெண் கிடந்தாள். அவளுடைய மகளால் தனியாக அவளைத் தூக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. பாப்பம்மா கேட்காமலே போய்க் கை கொடுத்தாள். மகள் தன் சோற்றில் பாதியைப் பிரித்துக் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. கிருஷ்ணம்மா வீக்கம் வடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போன பிறகும் பாப்பம்மா வந்துகொண்டிருந்தாள்.

அந்த வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். ஒரு நேரத்துக்கு ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு அட்டெண்டன். எழும்ப முடியாத நோயாளிகள் எப்போதும் நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் வெந்துபோய்ப் புண் வைக்கும். இது தெரியாத மிஸ்ஸி கிடையாது. செய்யத்தான் ஆள் இல்லை. ஆகவே, கூலி கேட்காமல் ஒருத்தி வந்து செய்வதைக் கண்ட மூத்த மிஸ்ஸி அவளை விரட்டவில்லை. கூப்பிட்டு முறையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

பாப்பம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் இந்தப் பாடம் அவளுக்குள் அப்படியே போய் இறங்கிவிட்டது. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. குதிகால் படுக்கையில் முட்டாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சேலைத் துண்டு. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, ஒரு பாண் ரொட்டித் துணுக்கு கிடக்கக் கூடாது. சிவந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், அந்தப் பக்கம் இனி அன்று முழுக்கப் படுக்கையில் படக் கூடாது. அவளிடம் மணிக்கூடு இல்லை. மாத்தளை பஸ்கள் சந்தியில் ஹோர்ன் அடித்துப் புறப்படுவதை வைத்து நேரத்தைப் பிடித்துக்கொள்வாள்.

நாளடைவில் நோயாளிகளின் வீட்டார் அவளுக்குக் கையில் ஏதாவது கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு ரூபா, ஒரு தேங்காய். பிறகு நாளுக்கு இரண்டு ரூபா. எண்பத்து மூன்றில் ஐந்து ரூபா. தோட்டத்துத் தொழிலாளர் பதிவில் அவளுக்குப் பெயர் இல்லை. எப்போதாவது அன்றன்றைக்குக் கூலி தரும் கைக்காசு வேலை கிடைக்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பதிவிலும் பெயர் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டச் சனங்களில் பலருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத காலம் அது. முத்துவீரன் உயிரோடு இருந்தபோது குடும்பத்துக்கே இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தான். அவன் செத்ததும் அந்தப் பைல் எங்கேயோ நின்றுபோனது. அவள் இந்தியாவுக்கும் உரியவள் இல்லை, இங்கேயும் உரியவள் இல்லை. இலங்கைப் பிரஜை அல்லாத ஒருத்தியை அரசாங்கச் சம்பளத்தில் வைக்க யாராலும் முடியாது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்புகிற வேலையை அவள் யாருக்கும் காட்டிக் கொடுக்க மாட்டாள். மகளோ தாயோ கை வைக்க வந்தால், "வேணாம், நீங்க தொட்டா நோவு கூடிரும்" என்று தள்ளி நிற்கச் சொல்வாள். சுற்றியிருக்கும் திரையை இழுத்து மூடிக்கொண்டுதான் செய்வாள். நோயாளியின் மானத்துக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1983ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பத்மலதா விழுந்தாள். பத்தொன்பது வயது. இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு சிங்களக் கிராமத்துப் பிள்ளை. மிளகு பறிக்க ஏணியில் ஏறியவள், ஏணி சரிந்து கல்லின் மேல் முதுகு அடிபட விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கண்டிக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்து, ஜூன் பிற்பாதியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, நன்றாகப் பராமரியுங்கள் என்று எங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே வந்தவள் தாய் ரன்மெனிக்கா. விதவை. மெலிந்த, அதிகம் பேசாத மனுஷி.

ரன்மெனிக்கா பாப்பம்மாவை ஏற்பாடு செய்துகொண்டாள். சிங்களத்திலேயே இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒரு கிழமை போன பிறகு தாய் கேட்டாளாம்:

"எனக்கும் காட்டிக் கொடுங்கள். நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு போனால் நான்தானே செய்ய வேண்டும்?"

பாப்பம்மா சொன்ன பதிலை நானே கேட்டேன். அன்று வார்டில் கட்டில்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, அந்தப் பக்கமே வராதீர்கள். உடைந்த முதுகு. நீங்கள் பிடித்து இழுத்தால் எலும்பு நரம்பில் ஏறிவிடும். அதோடு பிள்ளை முடிந்தாள்."

ரன்மெனிக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மகளின் முகத்தைத் துடைப்பாள், தலை வாருவாள், சோறு ஊட்டுவாள். இடுப்புப் பக்கம் கை போகாது.

பத்மலதாவின் தோலில் ஒரு சிவப்புக் கூட விழவில்லை. எங்கள் டொக்டர் ஒரு சிங்களப் பெண். புதிதாக வந்தவர், எதையும் நின்று பார்ப்பவர். ஒரு நாள் பத்மலதாவின் முதுகைப் பார்த்துவிட்டு, "இந்தத் தமிழ் அம்மாவை நான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும்" என்றார். பாப்பம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பலாபத்வலையில் மெத்தை தைக்கும் மீராசாஹிப் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் கேட்டு இலவம் பஞ்சு வாங்கி இரண்டு சின்னத் தலையணைகள் கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கும் அந்த வேலையில் ஒரு பங்கு இருப்பது போலப் பெருமையாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் கலவரம் வந்தது. கொழும்பில் தொடங்கியது இரண்டு நாளில் மாத்தளைக்கு வந்துவிட்டது. டவுனில் தமிழர் கடைகள் எரிந்த புகை எங்கள் உக்குவளை வரைக்கும் தெரிந்தது. ஊரடங்குச் சட்டம். பஸ் இல்லை. நானும் எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பாப்பம்மா இருந்த தோட்டத்தில், ரோட்டோரத்து லயத்தில் இரண்டு காம்பரா வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். சனங்கள் பகலில் காம்பராவிலும் பொழுது சாய்ந்தால் தேயிலைக்குள்ளும் கிடந்தார்கள்.

பாப்பம்மா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எப்படி வருவாள்?

அந்தப் பன்னிரண்டு நாளில் வார்டில் பாதிப்பேர் வேலைக்கு வரவில்லை. ஒரு மிஸ்ஸி மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் தனியாகப் பார்த்தாள். வெட்டுக் காயத்தோடும் தீக்காயத்தோடும் வந்தவர்கள் தரையில் கிடந்தார்கள். பத்மலதாவை அந்த மிஸ்ஸி ஓடி வந்து இரண்டு மூன்று தரம் திருப்பினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ரன்மெனிக்கா கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் மல்லாக்கக் கிடந்தாள். தாய்க்குத் தொடப் பயம்.

நான் திரும்பிப் போன அன்று டொக்டர் விரிப்பை விலக்கிக் காட்டினார். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கையளவு கறுப்பு. ஓரம் எல்லாம் ஈரம். எனக்கு அதிலெல்லாம் பழக்கமில்லை. வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவினேன்.

நான்கு நாள் கழித்து பாப்பம்மா வந்தாள். திரையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ரன்மெனிக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும்" என்றாள். பாப்பம்மா குனிந்து பத்மலதாவைப் பக்கவாட்டில் திருப்பினாள். அன்றிலிருந்து அவள் காசு வாங்கவில்லை. ரன்மெனிக்கா காசைப் பாப்பம்மாவின் முந்தானையில் முடிந்து வைத்தால், அவிழ்த்துப் பத்மலதாவின் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போவாள்.

கறுப்புத் தோல் கழன்று விழுந்தது. உள்ளே குழி. குழி எலும்பு வரைக்கும் போனது. காலையும் மாலையும் கட்டு மாற்ற வேண்டும். ஊசி மருந்து தீர்ந்து போய் மாத்தளைக்கும் கண்டிக்கும் ஆள் அனுப்பினோம். ஒரு தரம் கண்டியில் ஒப்பரேஷன் செய்தார்கள், ஒட்டவில்லை. மார்கழியில் புண் கொஞ்சம் ஆறுவது போல இருந்தது. பத்மலதா பாப்பம்மாவிடம் தமிழ் எழுத்துக் கேட்டாள். "எனக்கே தெரியாதும்மா" என்றாளாம் இவள். பிறகு அந்தப் பிள்ளை இவளுக்குச் சிங்கள 'அ'வைக் கையில் எழுதிக் காட்டினாள். மாசியில் காய்ச்சல் கண்டது. 1984 மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை பகல், பத்மலதா இறந்தாள்.

அடுத்த கிழமை டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"யஹ்யா, அந்தப் புண்ணுக்கு மட்டும் இந்த ஆஸ்பத்திரி எவ்வளவு செலவழித்திருக்கும்? ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள்."

நான் எழுதினேன். கட்டில் நாள் இருநூற்றுப் பதினைந்து. கட்டுப் போடும் காஸ் துணி, மருந்துத் தண்ணீர், பெனிசிலின், கண்டிக்கு அம்புலன்ஸ் நான்கு தரம், ஒப்பரேஷன். எல்லாம் கூட்டினால், ஒரு அட்டெண்டனுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கொடுக்கும் சம்பளம் வந்தது. ஒரே ஒரு பிள்ளையின் ஒரே ஒரு புண். அதற்கு முந்தின வருஷம் வார்டில் ஒன்பது பேருக்குப் புண் வந்திருந்தது. திருப்பிப் படுக்க வைப்பதற்கென்று இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்தால் அரசாங்கத்துக்கு நட்டமில்லை, மிச்சம்தான் என்பது ஒரு பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. டொக்டர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். பாப்பம்மாவின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. ஒரு ஆளுக்கு அனுமதி. இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும். ஒரு பையன் வந்தான். நல்ல பையன். ஆனால் ஆள் பற்றாக்குறையால் அவனை வாசல் காவல் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குள் டொக்டருக்கும் மாற்றம் வந்து, அவரும் போய்விட்டார்.

பாப்பம்மா மாறிப்போயிருந்தாள். பத்மலதா செத்த பிறகு அவள் வார்டில் திரையை இழுத்து மூடவே இல்லை. ஒரு நோயாளி வந்தால், கூட வந்த பெண்களை வரிசையாகக் கூப்பிட்டு நிற்க வைப்பாள். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொல்வாள்.

"இந்தா, நீங்க தோள்ல புடிங்க. நீங்க இடுப்புல. நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் ஒரே நேரத்துல. தோளும் இடுப்பும் ஒண்ணா வரணும், மரக்கட்டை உருள்ற மாதிரி. பயப்படாதீங்க. ஒண்ணும் ஆவாது. தொடுங்க, தொட்டாத்தான் பழகும்."

எல்லோருக்கும் காட்டிக் கொடுத்த பிறகு அவளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? கிழமையில் நான்கு நாள் மிளகுத் தோட்டங்களில் கூலிக்குப் போனாள். மற்ற நாளில் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். நான் ஒரு நோட்டுக் கொப்பியில் எனக்காகக் குறித்து வந்தேன். எண்பத்து ஐந்தில் வார்டில் புண் வந்தவர்கள் மூன்று பேர். எண்பத்து ஆறில் இரண்டு. ஒரு சதம் செலவில்லாமல் நடந்தது. இதை நான் யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. டொக்டரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கிளார்க்கின் கொப்பியை யார் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். எண்பத்து ஒன்பதில் நாடு மறுபடி குழம்பியது. கந்தோரை, அதாவது அலுவலகத்தை, திறந்தால் கிளர்ச்சிக்காரரின் மிரட்டல், மூடினால் இராணுவத்தின் மிரட்டல். அந்தக் கொப்பி எங்கே போனது என்றே தெரியவில்லை. அனுப்பியிருந்தால் வேறு நாலு ஆஸ்பத்திரியிலாவது பார்த்திருப்பார்கள். அனுப்பாதது என் தப்பு.

1996இல் எனக்கு ஓய்வு கிடைத்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் பாப்பம்மாவைக் காணவில்லை.

2003ஆம் ஆண்டு, இந்திய வம்சாவளியினரில் விடுபட்டுப் போனவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் தேவை என்று கேட்டார்கள். நானும் போனேன். இரத்தோட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை போட்டிருந்தோம். மத்தியானம் போல, வரிசையில் பாப்பம்மா நின்றாள். அறுபது வயதைத் தாண்டியிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள்; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"யஹ்யா நானா! நீங்களா எழுதுறீங்க? நல்லதாப் போச்சு."

நிரப்பி முடித்ததும் சனம் குறைந்திருந்தது. இருவரும் வாகை மரத்தடியில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்தோம். பழைய ஆட்களைப் பற்றி விசாரித்தாள். ரன்மெனிக்கா நான்கு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"நானா, அன்னிக்கு நீங்க அந்தப் புள்ளைக்கு ஆன செலவெல்லாம் எழுதினீங்கல்ல? அது எதனால வந்துச்சுன்னு எழுதினீங்க?"

"ஊரடங்கால ஆள் வர முடியலன்னு எழுதினேன்."

"அப்ப அது தப்பு நானா."

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அஞ்சாவது நாளு அந்தம்மா லயத்துக்கு வந்தாங்க. ஊரடங்க எடுத்திருந்த நேரத்துல, ஏழு மைலு நடந்து. சிங்களப் பொம்பள தோட்டத்துக்குள்ள தனியா வாறது அன்னிக்கு அவங்களுக்கும்தான் ஆபத்து. வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் உள்ள வெறகுக்குப் பின்னால குந்திக்கிட்டேன். கிருஷ்ணம்மாவ, நான் இல்ல, கண்டி அகதி முகாமுக்குப் போயிட்டேன்னு சொல்லச் சொல்லிக் காதுல சொல்லி அனுப்பினேன்."

"பயந்திருப்பீங்க. பின்னால ஆளு வந்திருக்கலாம். யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க."

"பலகை இடுக்குல பார்த்தேன் நானா. தனியாத்தான் நின்னாங்க. தங்கச்சி வாயத் தொறக்கிறதுக்கு முன்னாலயே அவங்க கேட்டாங்க. என்னைய வரச் சொல்லல. 'கூட்டிக்கிட்டுப் போக வரல, புள்ளைக்குச் செவப்பு விழுந்திருச்சு, எங்க கை வச்சுத் திருப்புறதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க'ன்னாங்க. அஞ்சு நிமிசம். வாசலுக்கு வந்து தங்கச்சி மேலயே கை வச்சுக் காட்டியிருக்கலாம். இல்லன்னா உள்ள இருந்தே கத்தியிருக்கலாம்."

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பயந்து ஒளிஞ்சேன்னு சொன்னா ஊரே நம்பும். பாதி பயந்தான். மத்தப் பாதி என்னான்னு எனக்குத் தெரியும். இவங்க படிச்சுக்கிட்டா அப்புறம் எனக்கு யாரு அஞ்சு ரூவா கொடுப்பாங்கன்னு அந்த நேரத்துலயும் ஒரு நெனப்பு வந்துச்சு. வெளிய நெருப்பு வைக்கிறான், உள்ள நான் இத நெனைக்கிறேன். மொதல்லயே எலும்பு நரம்புல ஏறிரும்னு சொல்லிப் பயங்காட்டினதும் நான்தான். அது பொய்யி. ரெண்டு பேரு சேர்ந்து புடிச்சா ஒண்ணும் ஆவாது. கை கொடுக்கப் பக்கத்துக் கட்டில்ல ஆளு இருந்துச்சே."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லத்தான் ஒரு தடவ ஊருக்குப் போனேன். தொண்ணூறுல. என்னையக் கண்டதும் ஓடி வந்து பாய் போட்டு உக்கார வச்சாங்க. பலாக்காயும் சோறும் ஆக்கிப் போட்டாங்க. வரும்போது ஒரு பை மிளகு கொடுத்தாங்க. அந்தச் சோத்தத் தின்னுட்டு எப்படி நானா சொல்றது? அடுத்த தடவ சொல்லலாம்னு வந்துட்டேன். அப்புறம் போகவே இல்ல."

அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் பார்த்தேன். பசி அப்படிச் செய்ய வைக்கும், உங்களை ஒரு வேலையில் வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் நீங்கள் ஏன் ஒளிக்கப் போகிறீர்கள், அதற்குப் பிறகு எத்தனை பேருக்குக் காட்டிக் கொடுத்தீர்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெரிய மனுஷனாகப் பேசுகிறேன் என்பதற்காகக் கேட்டாளே தவிர, அது அவளுக்குள் இறங்கவில்லை.

எழும்பும்போது படிவத்தை ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள். 'தொழில்' என்ற இடத்தில் நான் 'நோயாளர் பராமரிப்பு' என்று எழுதியிருந்தேன்.

"அது வேணாம் நானா. கூலின்னு போடுங்க."

நான் தயங்கினேன். அவள் விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவில்லை. வெட்டிவிட்டு, கூலி என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் அவளுக்குப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது. அடையாள அட்டையும் எடுத்தாள். 2008இல் கிருஷ்ணம்மாவின் வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். செய்தி எனக்குத் தெரிந்தபோது எட்டாம் நாள் சடங்கும் கழிந்திருந்தது. கிருஷ்ணம்மாவைப் பார்த்து வரப் போனேன். அவள் டீ ஊற்றிக் கொடுத்தாள். அக்கா கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. கிருஷ்ணம்மாவும் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்று வாசலில் நின்று பொய் சொன்னவள் அவள்தானே. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.